வாலுக்கு ஒரு ஷில்லிங்

அணிலைக் கொல்லலாமா என்று நம் ஊர்த் திண்ணையில் உட்கார்ந்து ஒருவன் கேட்டால், கேட்டவனுடைய புத்தியைப் பற்றித்தான் முதலில் சந்தேகம் வரும். ராமபிரான் தடவிக் கொடுத்த முதுகு அல்லவா அது! மூன்று விரல்களின் தடம் இன்னும் அழியவில்லை என்று பாட்டி சொல்லக் கேட்டே நாம் வளர்ந்தோம். கொய்யாப் பழத்தைக் கடித்துப் போட்டால் "சூ" என்று ஒரு சத்தம் போடுவோம். அதற்கு மேல் கோபித்துக் கொள்ள நமக்கு மனம் வராது.

இங்கிலாந்தில் இது வேடிக்கைக் கேள்வி அல்ல. அங்கே வனத்தில் அணிலைச் சுடப் போகிறவர்கள் கொடியவர்களும் அல்லர். ஓய்வு பெற்ற ஆசிரியர் இருப்பார். மரம் வளர்த்துப் பிழைக்கிறவர் இருப்பார். பனிக்காலத்தில் குருவிகளுக்குத் தானியம் வைக்கிற தாயும் இருப்பாள். ஜீவகாருண்யம் இல்லாதவர்கள் என்று அவர்களை ஒதுக்கிவிட முடியாது. ஜீவகாருண்யத்தினால்தான் சுடுகிறோம் என்று அவர்கள் சொல்லுகிறார்கள். இந்தப் பதில்தான் என்னைச் சில நாட்களாக விடாமல் பிடித்துக்கொண்டிருக்கிறது.

முதலில் ஆயுதத்தைப் பற்றிச் சொல்லிவிடுகிறேன். திருவிழாவிலும் கடற்கரையிலும் பலூன் சுடுகிறோமே, அந்தக் காற்றுத் துப்பாக்கியின் ஜாதிதான். ஆனால் அதைவிடத் திறமானது. வெடிமருந்து கிடையாது. சுருள்வில்லோ, அடைத்து வைத்த காற்றோ, மிளகளவு ஈயக் குண்டு ஒன்றைத் தள்ளுகிறது. அதன் வேகத்துக்குச் சட்டம் ஓர் எல்லை வைத்திருக்கிறது. குழல் வாயில் 12 அடி-பவுண்டு சக்திக்கு மேற்படாத துப்பாக்கியை வைத்துக்கொள்ள இங்கிலாந்திலும் வேல்ஸிலும் தனி உரிமச் சீட்டு வேண்டாம். ஸ்காட்லாந்தில் மட்டும் 2016-ஆம் ஆண்டின் கடைசி நாளிலிருந்து அதற்கும் சீட்டு வேண்டும். இவ்வளவு குறைந்த சக்தி என்பதனால் ஒரு நிர்ப்பந்தம் உண்டாகிறது. அணிலின் தலையில், ஒரு ரூபாய் நாணயம் அளவுள்ள இடத்தில் குண்டு பட வேண்டும். பட்டால் அதற்குத் தெரிவதற்குள் எல்லாம் முடிந்துவிடும். வயிற்றில் பட்டதோ, அது தட்டுத் தடுமாறி உச்சிக் கிளைக் கூட்டுக்குள் புகுந்து, யார் கண்ணிலும் படாமல் மெள்ள மெள்ளச் சாகும். ஆகையால் ஒழுங்காகச் சுடுகிறவன் இருபது, முப்பது கஜத்துக்கு மேல் குறி வைப்பதில்லை. காகிதத்தில் வட்டம் போட்டு மாதக் கணக்கில் பழகிய பிறகே காட்டுக்குள் போகிறான். அங்கே தானியப் பெட்டி ஒன்றை மரத்தில் கட்டிவிட்டு, குளிரில் மணிக் கணக்காக அசையாமல் காத்திருக்கிறான். அணில் வந்து, பெட்டியின் மூடியைத் தூக்கி, ஒரு விதையை இரண்டு கைகளாலும் பிடித்துக்கொண்டு உட்காரும்வரை காத்திருக்கிறான். கும்பிடுகிற மாதிரி அது உட்காருகிறதே, அந்த நிமிஷம்தான் அவனுக்கு வசதியான நிமிஷம்.

சுடப்படுவது சாம்பல் நிற அணில். அது இங்கிலாந்தின் பிராணி அன்று. வட அமெரிக்காவின் கிழக்குப் பகுதிக் காடுகளில் பிறந்தது. 1876-ஆம் ஆண்டில் செஷயர் பகுதியில் ஹென்பரி பார்க் என்ற பண்ணையில், பிராக்கிள்ஹர்ஸ்ட் என்ற கனவான் ஒரு ஜோடியை விட்டார் என்பது பதிவாகியிருக்கிற முதல் செய்தி. அழகுக்காக விட்டார், வேறு காரணம் இல்லை. பிறகு வோபர்ன் மாளிகையின் பெட்ஃபோர்டு பிரபு இதில் முனைந்தார். அமெரிக்காவிலிருந்து தருவித்துத் தம் பூங்காவில் பெருக்கியதோடு நிற்காமல், கேட்டவர்களுக்கெல்லாம் பரிசாக அனுப்பினார். 1911-இல் அயர்லாந்துக்கும் போயிற்று. லாங்ஃபோர்டு பகுதியில் காஸில் ஃபோர்ப்ஸ் மாளிகையில் நடந்த கல்யாணம் ஒன்றில் கூடையில் வந்து இறங்கியது என்று சொல்லுகிறார்கள்.

இந்தப் பிரபுவைத் திட்டிவிட்டுப் போக எனக்கு ஆசைதான். ஆனால் முடியவில்லை. சீனாவில் அடியோடு அற்றுப்போன ஒரு மான் ஜாதி உண்டு. பெரே டேவிட் மான் என்று பெயர். ஐரோப்பாவில் அங்கொன்றும் இங்கொன்றுமாக எஞ்சியிருந்த அந்த மான்களைச் சேகரித்துத் தம் பூங்காவில் காப்பாற்றியவரும் இவரே. 1985-இல் அந்த மான்கள் வோபர்னிலிருந்துதான் சீனாவுக்குத் திரும்பிப் போயின. ஒரே மனிதர், ஒரே புல்வெளி, பிராணிகளிடம் ஒரே பிரியம். அதில் ஒரு ஜாதி பிழைத்தது. இன்னொரு ஜாதிக்கு யமன் வந்தான். நல்ல எண்ணத்துக்கு இவ்வளவுதான் உத்தரவாதம்.

யமன் யாருக்கு வந்தான்? அந்த நாட்டின் பழைய குடியான செவ்வணிலுக்கு. காதில் குஞ்சம் வைத்த, சிறிய, நெருப்பு நிற அணில் அது. இன்றைக்குப் பிரிட்டனில் சாம்பல் அணில் இருபத்தைந்து லட்சத்துக்குக் குறையாது என்கிறார்கள். செவ்வணில் மூன்று லட்சத்துக்கும் குறைவு, அதிலும் பெரும் பங்கு ஸ்காட்லாந்தில். இங்கிலாந்தின் தென்பகுதியில் வைட் தீவு போன்ற சில தீவுகளைத் தவிர அதைப் பார்க்கவே முடியாது.

சாம்பல் அணில் செவ்வணிலைக் கடித்துக் கொன்றதாகப் பலர் நினைக்கிறார்கள். அப்படி இல்லை. ஓக் மரத்தின் கொட்டை முற்றுவதற்கு முன்பே தின்று செரிக்க அதற்கு முடிகிறது. செவ்வணிலுக்கு அது அவ்வளவாகச் செரிப்பதில்லை. ஆகவே பந்தி போடுவதற்கு முன்பே இலை காலியாகிவிடுகிறது. இதற்குமேல் ஒரு வைரஸ் நோய். சாம்பல் அணில் அதைத் தன் உடம்பில் சுமந்துகொண்டு பெரும்பாலும் சௌக்கியமாகவே திரிகிறது. செவ்வணிலுக்குத் தொற்றினால் கண்ணிலும் வாயிலும் பாதத்திலும் புண் வெடித்து, தின்ன முடியாமல், இரண்டு வாரத்துக்குள் செத்துப் போகிறது. 2008-இல் லிவர்பூலுக்கு அருகே ஃபார்ம்பி என்ற கடலோரப் பைன் தோப்பில் இந்த நோய் புகுந்தபோது அங்கிருந்த செவ்வணில்களில் பெரும்பகுதி மடிந்தது. அதைக் கண்ணால் பார்த்தவர்களில் சிலர்தாம் பிறகு துப்பாக்கி எடுத்தார்கள்.

மரத்துக்கும் சேதம் உண்டு. வசந்த காலக் கடைசியிலிருந்து கோடை நடுவரையில் பீச், சிகமோர், ஓக் மரங்களின் பட்டையைச் சாம்பல் அணில் உரித்து, உள்ளே ஓடும் இனிப்புச் சாற்றை நக்கும். பத்து வயதிலிருந்து நாற்பது வயது வரையுள்ள மரத்துக்குத்தான் ஆபத்து அதிகம். சுற்றிவர உரித்துவிட்டால் அதற்கு மேலே உள்ள பாகம் செத்துப் போகிறது. பாட்டன் நட்டு, பேரன் வெட்டவேண்டிய மரம்.

இத்தனையும் உண்மை என்றே வைத்துக்கொள்வோம். இப்போது கேட்கிறேன்: இதில் அணிலின் குற்றம் எது?

வள்ளுவர் கொல்லாமைக்கு ஓர் அதிகாரம் வைத்தார். அதே வள்ளுவர் கொடியவர்களை அரசன் தண்டிப்பதற்குப் பயிருக்குக் களை பறிப்பதை உவமையாகவும் சொன்னார். இந்த இரண்டையும் வைத்துக்கொண்டு நம் பட்டிமன்றங்களில் மூன்று மணி நேரம் பேசுவார்கள். ஆனால் அணில் விஷயத்தில் இரண்டும் கைகொடுப்பதில்லை. களை என்று சொன்னால் போதுமே, துப்பாக்கிக்காரர்களுக்கு அனுகூலமாகத் தீர்ப்பு ஆகிவிடுமே என்று தோன்றலாம். கவனித்துப் பார்த்தால் அங்கே களையாக நிற்பவன் கொலைகாரன். தெரிந்து கொடுமை செய்தவன். அதனால்தான் அரசன் கை நடுங்க வேண்டாம் என்கிறார். இங்கே கூண்டில் நிற்பது பசித்தபோது தின்ற ஒரு ஜீவன். அது கப்பலேறி வா என்று யாரும் அதைக் கேட்கவில்லை. கூடையில் அடைத்துக் கொண்டுவந்தார்கள். நோயை அது பரப்பவில்லை. நோய் அதனிடம் இருக்கிறது. அது தன் தர்மத்தின்படி நடந்ததைத் தவிர வேறு ஒன்றும் செய்யவில்லை. குற்றவாளிக்குக் கொடுப்பது தண்டனை. குற்றமில்லாததைக் கொன்றால் அதற்கு வேறு ஒரு பெயர் வேண்டும். அந்தப் பெயரைத் தேடுகிற சிரமத்தை மனிதன் விரும்புவதில்லை. குற்றத்தையே உண்டுபண்ணிக் கொள்கிறான்.

கதை எழுதிப் பிழைக்கிறவன் என்ற முறையில் இந்த வித்தை எனக்குப் பழக்கமானது. பத்தாவது அத்தியாயத்தில் ஒருவன் சாகவேண்டும், வாசகர்கள் அழக்கூடாது என்றால், இரண்டாவது அத்தியாயத்திலேயே அவனுக்கு ஒரு கோணல் சிரிப்பைக் கொடுத்துவிடுவோம். இங்கிலாந்தில் சாம்பல் அணிலுக்கு "மர எலி" என்று பெயர் வைத்திருக்கிறார்கள். எலி என்று சொல்லிவிட்டால் பாதி வேலை முடிந்தது அல்லவா? "அமெரிக்கப் படையெடுப்பாளி" என்றும் சொல்லுகிறார்கள். படையெடுப்பு என்றால் நோக்கம் இருக்கவேண்டும், தலைவன் இருக்கவேண்டும். ஹென்பரியில் இறங்கிய அந்த ஜோடிக்குக் குளிராக இருந்திருக்கும், அவ்வளவுதான். வந்தேறி என்ற சொல் மனிதர்களைப் பற்றியும் புழங்குகிற காலத்தில், ஓர் அணிலின் பேரில் அதைப் பழகிக்கொள்வது எவ்வளவு தூரம் நல்லது என்று நான் யோசிக்காமல் இல்லை. ஆனால் அது இந்த வியாசத்தின் விஷயம் அன்று.

பெயர் எவ்வளவு சுலபமாக மாறும் என்பதற்கு ஒரு கதை இருக்கிறது. கற்பனை அல்ல, சரித்திரம். 1903-ஆம் ஆண்டில் பியாட்ரிக்ஸ் பாட்டர் என்ற பெண்மணி, குழந்தைகளுக்காக நட்கின் என்ற ஒரு துடுக்கு அணிலின் கதையை வெளியிட்டார். அது செவ்வணில். கடைசியில் ஓர் ஆந்தையிடம் சிக்கி வாலைப் பறிகொடுத்துவிட்டுத் தப்புகிறது. இங்கிலாந்துக் குழந்தைகள் அன்று முதல் இன்று வரை செவ்வணிலை நேசிப்பதற்கு அந்தச் சின்னப் புத்தகம் ஒரு காரணம். அதே 1903-ஆம் ஆண்டில் ஸ்காட்லாந்தின் மலைநாட்டில் நிலச் சொந்தக்காரர்கள் கூடி ஓர் அணில் சங்கம் ஆரம்பித்தார்கள். அணிலைக் காப்பாற்ற அல்ல, ஒழிக்க. எந்த அணிலை? செவ்வணிலை! என்ன குற்றம்? மரப்பட்டையை உரிக்கிறது என்ற குற்றம். ஆளுக்கு வால் ஒன்றுக்கு இத்தனை பென்ஸ் என்று கூலி கொடுத்தார்கள். முதல் முப்பது ஆண்டுகளில் எண்பதினாயிரத்துக்கு மேல் செவ்வணில்கள் செத்தன. புத்தகத்தில் வால் போனதற்காகக் குழந்தைகள் வருத்தப்பட்டுக்கொண்டிருந்தபோது, மலைநாட்டில் வாலை எண்ணிக் காசு கொடுத்துக்கொண்டிருந்தார்கள்.

இன்னும் ஒரு சங்கதி. அந்த மலைநாட்டுச் செவ்வணில்கள் எல்லாம் ஆதியிலிருந்து அங்கேயே இருந்தவை அல்ல. காடுகள் அழிந்து பதினெட்டாம் நூற்றாண்டில் ஸ்காட்லாந்தில் அவை ஏறக்குறைய அற்றுப்போய், நூற்றாண்டின் கடைசியில் இங்கிலாந்திலிருந்தும் ஸ்காண்டிநேவியாவிலிருந்தும் பிரபுக்கள் தருவித்து விட்டவை அவை. அதாவது, அழகுக்கு என்று வரவழைத்தார்கள். பெருகியபோது பட்டை உரிக்கிறது என்று சுட்டார்கள். அருகியபோது நம் தேசத்துப் பொக்கிஷம் என்று கொண்டாடுகிறார்கள். சாம்பல் அணிலின் கதைக்கும் இதற்கும் கடைசி அத்தியாயம் ஒன்றுதான் வித்தியாசம்.

செவ்வணிலுக்குக் கொடுத்த விலை பிறகு சாம்பல் அணிலுக்கு மாறியது. 1937-இல் அதை இறக்குமதி செய்வதும் வளர்ப்பதும் குற்றம் என்று ஆணை பிறந்தது. 1953-இல் சர்க்காரே விலை பேசியது: வாலுக்கு ஒரு ஷில்லிங். பிறகு அது இரண்டு ஷில்லிங் ஆயிற்று. பட்டணத்துப் பையன்கள்கூடக் கிளம்பினார்கள். சில ஆண்டுகளில் திட்டத்தைக் கைவிட்டுவிட்டார்கள். ஏனென்றால் அணில் குறையவில்லை. குறையாததில் ஆச்சரியம் என்ன? வாலுக்குக் காசு என்றால், அணில் மலிந்து கிடக்கிற இடத்தில் சுடத்தான் எவனும் போவான். மலைக்கு அப்பால் கடைசிச் செவ்வணில்கள் தவிக்கிற தோப்புக்கு அவன் ஏன் நடக்கவேண்டும்? அடுத்த வருஷத்துக்கும் வால் வேண்டுமே என்று கொஞ்சம் மிச்சம் வைக்கவும் அவனுக்குத் தெரியும். சுட்டுக் காலியாக்கிய தோப்பில் பக்கத்துத் தோப்பு அணில்கள் சில வாரங்களில் குடியேறிவிடும். வருஷத்துக்கு இரண்டு ஈற்று, ஈற்றுக்கு மூன்று குட்டி என்பது அதன் கணக்கு. இந்தக் கொலைகளை என்னால் மன்னிக்க முடியவில்லை. பத்து லட்சம் ஜீவன் செத்தாலும் ஒரு செவ்வணில்கூடப் பிழைக்காத கொலை, வெறும் கொலைதான்.

"அப்படியானால் துப்பாக்கியை வைத்துவிட்டு வீட்டுக்குப் போகவேண்டியதுதானே? நம் கையால் ஒரு பாவம் குறையுமே?" என்று என் நண்பர் ஒருவர் கேட்டார். புலால் உண்ணாதவர், எறும்புக்கும் வழிவிட்டு நடப்பவர். அவர் சொல்வதைக் கேட்டுத் தலையசைத்துவிட்டுப் போவது எனக்கு மிகவும் சௌகரியமாக இருந்திருக்கும். இத்தாலி குறுக்கே வந்துவிட்டது.

1948-இல் டூரின் நகரத்துக்கு அருகே ஸ்டுபினிஜி என்ற இடத்தில் சாம்பல் அணில்கள் விடப்பட்டன. மொத்தம் நான்கு. ஐம்பது ஆண்டுகள் ஆகியும் பீட்மாண்ட் பகுதியின் ஒரு பாகத்துக்குள்தான் அவை இருந்தன. அவை ஆல்ப்ஸ் மலையைத் தொட்டுவிட்டால் ஐரோப்பா முழுவதும் போக வழி திறந்துவிடும் என்று விஞ்ஞானிகள் கவலைப்பட்டார்கள். 1997-இல் ராக்கோனிஜி என்ற ஊர்ப் பூங்காவில் ஒரு சோதனை ஆரம்பித்தார்கள். கூண்டில் பிடித்து, மயக்க மருந்து கொடுத்து, தூக்கத்திலேயே முடித்துவிடுவது. இதைவிட மிருதுவாக ஓர் உயிரை எடுக்க முடியும் என்று நான் நினைக்கவில்லை. ஆனால் பிராணி நேசர்கள் கோர்ட்டுக்குப் போனார்கள். விஞ்ஞானிகள் குற்றவாளிக் கூண்டில் நின்றார்கள். வேலை நின்றது. ஏறக்குறைய மூன்று ஆண்டுகளுக்குப் பிறகு, குற்றமில்லை என்று தீர்ப்பு வந்தது. அதற்குள் அணில்கள் பூங்காவைத் தாண்டிக் காடுகளில் பரவிவிட்டன. இனி அடியோடு அகற்ற முடியாது என்ற நிலை வந்துவிட்டது.

அந்த வழக்குப் போட்டவர்கள் ஓர் அணிலையும் தொடவில்லை. அவர்கள் கை சுத்தம். ஆனால் 1997-இல் சில ஆயிரம் உயிர்களோடு முடிந்திருக்கக்கூடிய காரியம், இப்போது எத்தனை தலைமுறை அணில்களின் தலையில் விடியப்போகிறதோ! செவ்வணில் போகும், அதற்காகச் சாம்பல் அணிலும் இனி என்றென்றைக்கும் சுடப்படும். அதையும் இதையும் சேர்த்து யார் கணக்கில் எழுதுவது? என் நண்பர் இதற்குப் பதில் சொல்லவில்லை. "நான் செய்யவில்லை அல்லவா?" என்று மட்டும் சொன்னார். நம் வீடுகளில் பாகப் பிரிவினையில் ஆரம்பித்து ஊர்ச் சண்டை வரைக்கும் நல்லவர்கள் சொல்லுகிற வாக்கியம் அது. அதைப் பொய் என்று சொல்ல எனக்குத் தைரியமில்லை. ஆனால் அதோடு விஷயம் முடிந்துவிட்டதாகவும் எனக்குத் தோன்றவில்லை.

இத்தாலிக்கு எதிர்ப் பக்கம் ஆங்கிள்ஸி. வேல்ஸ் நாட்டுக் கரையை ஒட்டிய தீவு. இடையில் மெனாய் நீரிணை, அதன்மேல் இரண்டு பாலங்கள். அங்கே செவ்வணில்கள் நாற்பது என்ற அளவுக்கு வந்துவிட்டிருந்தன. 1998-இல் சாம்பல் அணில்களைப் பிடிக்க ஆரம்பித்தார்கள். பெரும்பாலும் கூண்டு, ஆட்களில் பலர் ஊர்க்காரர்கள். தோப்புத் தோப்பாக, வருஷம் தவறாமல், ஒரே ஒரு சாம்பல் அணில் கண்ணில் பட்டதாகச் செய்தி வந்தாலும் அதைத் தேடிப் போய் வேலை செய்தார்கள். பாலத்தின் வழியாகப் புதிதாக வராதபடி எதிர்க்கரையிலும் காவல். 2015-இல் தீவில் சாம்பல் அணில் இல்லை என்று அறிவித்தார்கள். ஆயிரக்கணக்கான உயிர்கள் போயின, அதை மறைப்பதற்கில்லை. ஆனால் அது முடிந்த காரியம். இன்றைக்கு அந்தத் தீவில் செவ்வணில்கள் நூற்றுக்கணக்கில் இருக்கின்றன. அங்கே அணில் சுடவேண்டிய வேலை அநேகமாக இல்லை. ஷில்லிங் கொடுத்துக் கொன்றவர்களுக்கும் இவர்களுக்கும் உள்ள தூரம், கொன்ற எண்ணிக்கையில் இல்லை.

இவ்வளவு சொன்ன பிறகும் ஒரு முள் மிச்சமிருக்கிறது. மரத்துக்குச் சேதம் அதிகமாக நடப்பது கோடையில். ஆகவே கோடைக்குச் சற்று முன்பும் கோடையிலும் கொல்வதுதான் தோட்டக்காரனுக்கு லாபம். ஆனால் அப்போதுதான் கூட்டில் குட்டிகள் இருக்கும். கண் திறக்காத, ரோமம் இல்லாத, விரல் நீளக் குட்டிகள். பெட்டியின்மேல் உட்கார்ந்து விதை தின்கிற அணில் பால் கொடுக்கிற தாயா என்று முப்பது கஜத்திலிருந்து தொலைநோக்கி வழியாகப் பார்த்தால் பல சமயம் தெரியும். சில சமயம் தெரியாது. சுட்டுவிட்டுக் கையில் எடுத்துப் பார்க்கிறபோது தெரியும். கீழே ஒரு குண்டு. மேலே, உச்சிக் கிளையில் இலைப் பந்து மாதிரி தெரிகிற கூட்டுக்குள் மூன்று பட்டினிச் சாவு. தலையில் குறி வைத்துப் பழகிய அந்த மாதங்களெல்லாம் இந்தச் சாவுகளுக்கு உதவுவதில்லை. பால் குடிக்கிற பருவத்தில் துப்பாக்கியை உறையில் போட்டுவிடுகிற ஆட்களும் உண்டு. மரம் சில பட்டை இழந்தாலும் இழக்கட்டும் என்பது அவர்கள் எண்ணம். அப்படிப்பட்ட ஆளிடம் எனக்கு மரியாதை உண்டு. அவன் பேச்சில் "மர எலி" என்ற வார்த்தை வராது என்று நான் பந்தயம் கட்டுவேன்.

சட்டம் இந்த நுட்பங்களுக்குள் போவதில்லை. அது பாதி வழியோடு நின்றுவிடுகிறது. கொடூரமாகக் கொல்லக் கூடாது என்கிறது. கூண்டில் பிடித்த சாம்பல் அணிலைத் தண்ணீர்த் தொட்டியில் அமிழ்த்திக் கொன்ற ஒருவர் 2010-இல் கோர்ட்டில் குற்றவாளி ஆனார். அதே சமயம், பிடித்ததைத் திரும்ப வெளியே விடுவதும் குற்றம். 2019-இல் சட்டம் இன்னும் இறுகிவிட்டது. பிராணிகளின் ஆஸ்பத்திரியில் காலொடிந்த சாம்பல் அணிலுக்குக் கட்டுப் போட்டுக் குணப்படுத்தினாலும் காட்டில் விட அனுமதி கிடைக்காது. குணப்படுத்தினவளே கொல்லவேண்டும், அல்லது முதலிலேயே தொடாமல் இருக்கவேண்டும். நர்ஸ் வேலை பார்க்கிற ஒரு பெண்ணின் மனம் இதை எப்படித் தாங்கும் என்று ஒரு சிறுகதை எழுதலாம். எனக்கு முடிவு கிடைக்கவில்லை.

நீ அங்கே இருந்தால் சுடுவாயா என்று என்னைக் கேட்டால், மழுப்பாமல் சொல்லுகிறேன். செவ்வணில் இன்னும் உயிரோடு இருக்கிற தோப்பின் எல்லையில், காரியம் முடியும் என்ற திட்டம் இருக்கிற இடத்தில், குட்டிகள் இல்லாத குளிர்காலத்தில், குறி தவறாத கை இருந்தால், சுடுவேன். சுட்ட அணிலை எடுத்து வைக்கிறபோது, பெட்ஃபோர்டு பிரபுவின் கடனை இது கட்டியது என்று எனக்கு ஞாபகம் இருக்கவேண்டும். செவ்வணில் போய் நூறு வருஷமான தோப்பில், பொழுது போகவில்லை என்று, எண்ணிக்கைக்காகச் சுடமாட்டேன். அப்படிச் சுடுகிறவனோடு உட்கார்ந்து காப்பி சாப்பிடவும் எனக்கு இஷ்டமில்லை.

இந்த விவகாரத்தில் இப்போது ஒரு புதிய பாத்திரம் வந்திருக்கிறது. பைன் மார்ட்டன் என்று ஒரு பிராணி. கீரியைப் போல் நீளம். பூனையைப் போல் மரம் ஏறும். கழுத்தடியில் வெண்ணெய் நிறத்தில் ஒரு திட்டு. பிரபுக்களின் வேட்டைப் பறவைகளைத் தின்கிறது என்று பத்தொன்பதாம் நூற்றாண்டில் காவல்காரர்கள் இதையும் சுட்டுத் தீர்த்தார்கள். ஸ்காட்லாந்தின் வடமேற்கு மூலையிலும் அயர்லாந்தின் மேற்கிலும்தான் கொஞ்சம் தப்பின. சட்டப் பாதுகாப்பு கிடைத்த பிறகு மெள்ளப் பெருகின. அயர்லாந்தின் நடுப்பகுதியில் அவை திரும்பி வந்த காடுகளில் சாம்பல் அணில் குறைந்துபோய், செவ்வணில் தானாகத் தலைகாட்டியதாக 2014-இல் ஆராய்ச்சி வெளிவந்தது. இந்த விலங்கோடு ஆயிரமாயிரம் ஆண்டுகள் பழகிய செவ்வணிலுக்கு அதனிடம் தப்பும் வகை தெரிகிறது. அமெரிக்க அணிலுக்குத் தெரியவில்லை. 2015 முதல் வேல்ஸ் காடுகளிலும் ஸ்காட்லாந்திலிருந்து கொண்டுவந்து விட்டிருக்கிறார்கள்.

இதைக் கேட்டதும் என் நண்பர் முகம் மலர்ந்துவிட்டது. "பார்த்தீர்களா! இயற்கையே பார்த்துக்கொள்ளும். துப்பாக்கி வேண்டாம்" என்றார். மார்ட்டனின் பல், குறி தவறாத ஈயக் குண்டைவிட அணிலுக்கு மிருதுவாக இருக்கும் என்று அவர் நினைத்தாரா, தெரியவில்லை. இரவில் கூட்டுக்குள் புகுந்து தாயையும் குட்டியையும் சேர்த்தே எடுக்கும் அது. அணிலின் பக்கமிருந்து பார்த்தால் பெரிய வித்தியாசம் இல்லை. ஆனால் காடு தன் கணக்கைத் தானே பார்த்துக்கொள்ளும்படி விடுவது, வாலுக்கு விலை வைப்பதைக் காட்டிலும் யோக்கியமான ஏற்பாடு என்று நானும் ஒப்புக்கொண்டேன்.

மார்ட்டனுக்கும் ஓர் எல்லை உண்டு. அது மனிதர்களைக் கண்டால் கூசும் பிராணி, பட்டணத்துக்குள் நுழைவதில்லை. லண்டன் ரீஜண்ட் பூங்காவில் அதற்கு வேலை இல்லை. அங்கே சாயங்கால வேளையில் பெஞ்சியில் உட்கார்ந்து, கிழவர்கள் வேர்க்கடலை உடைத்துப் போடுகிறார்கள். அந்த நகரத்தில் பிறந்து வளர்கிற எத்தனையோ குழந்தைகள் இத்தனை அருகில் பார்க்கிற ஒரே காட்டு ஜீவன் சாம்பல் அணில்தான். அது கால் சட்டையைப் பிடித்து ஏறி, குழந்தையின் கையிலிருந்தே கடலையை வாங்கிக்கொண்டு, இரண்டு கைகளாலும் பிடித்துத் தின்கிறது.